சத்தத்தைக் குறைத்தவன்

பாட்டு முடிவதற்குள்ளேயே அது முடிந்துவிட்டதென்று தீர்மானித்துவிடும் ஆட்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அவர்களில் முதல் ஆள் என் அப்பா.

அப்போது நாங்கள் மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு சிக்னல் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்பதற்காக மெதடிஸ்ட் சபையில் எனக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்தார்கள். சுரங்களைச் சேர்த்து அடிக்கும் கார்டுகள் மொத்தம் மூன்று. கர்த்தரைத் துதிக்க அதற்கு மேல் தேவைப்படாது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். மிச்சத்தை நான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ராக் கேசட்டுகளிலிருந்து கற்றுக்கொண்டேன்.

அந்தக் கேசட்டுகளில் ஒரு விஷயம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பாடுகிறவன் பாடி முடித்துவிடுவான். கடைசிக் கோரஸ் திரும்பத் திரும்ப வரும். அப்போதுதான் லீட் கிட்டார் கிளம்பும். பாட்டின் நடுவில் வரும் சோலோ போல அது அடக்கமாக இருக்காது. நடுவில் வாசிக்கும்போது கிட்டார்க்காரனுக்கு ஒரு கவலை உண்டு. குறித்த இடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பாடகனுக்கு வழிவிட வேண்டும். கடைசியில் அந்தக் கவலை கிடையாது. எப்படியும் சத்தத்தைக் குறைத்துவிடப் போகிறார்கள், எவன் கேட்கப்போகிறான் என்று மனம் போன போக்கில் வாசிப்பான். அவன் எதையோ கண்டுபிடிக்கிற நேரம் பார்த்துப் பாட்டு மங்கத் தொடங்கும்.

நான் விடமாட்டேன். சத்தம் குறையக் குறைய வால்யூமைக் கூட்டுவேன். ஸ்பீக்கரின் துணியில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, கேசட்டின் இரைச்சலுக்குள் அந்தக் கிட்டார் மூழ்கிப்போகும் வரை பின்னாலேயே போவேன். பிறகு அடுத்த பாட்டு முழு வால்யூமில் வீட்டின் மேல் வந்து விழும். பக்கத்து வீட்டு ஆன்டி சுவரில் எதையாவது வைத்து இடிப்பார். அப்பா ஓடிவந்து பட்டனை அமுக்குவார்.

“பாட்டுதான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்னா கேக்குறே?”

“முடியலப்பா. இன்னும் வாசிச்சுக்கிட்டு இருக்கான்.”

“எங்க வாசிக்கிறான்? எனக்கு ஒன்னும் கேக்கலயே?”

“உங்களுக்குக் கேக்கலன்னா அவன் வாசிக்கலன்னு அர்த்தமா?”

அந்தப் பதிலுக்கு ஓர் அறை கிடைத்தது. வாங்கிக்கொண்டேன். என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்றைக்கும் எனக்குப் பிடித்த சோலோக்கள் எல்லாம் அப்படி மங்கிப்போகிறவைதான். பாட்டுகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் சொன்னால் உடனே கூட உட்கார்ந்திருக்கும் ஆண்கள் பரீட்சை வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். யார் வாசித்தது, எந்த வருடம், எந்த கிட்டார் என்று. முப்பது வருடமாக அந்தப் பரீட்சையை எழுதி அலுத்துவிட்டது. ஒன்றில் இரண்டு கிட்டார்கள் சண்டை போடும். ஒன்று சொல்வதை மற்றொன்று மறுத்துக்கொண்டே போகும். யார் ஜெயித்தது என்று தெரிவதற்குள் சத்தம் போய்விடும். இன்னொன்று ஒரு மலாய் ராக் பாட்டு. கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் கேசட் கடையில் கேட்டது. காதல் தோல்வி பற்றி ஐந்து நிமிடம் புலம்பிவிட்டுப் பாடகன் ஓய்ந்தபின், கிட்டார்க்காரன் ஒரே கம்பியை மேலே இழுக்கிறான், இழுக்கிறான், அந்தச் சுரத்தை எட்டுவதற்குக் கால் விரற்கடை இருக்கும்போது ஸ்டூடியோவில் யாரோ ஒருவன் கை சத்தத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. எட்டினானா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கையின் சொந்தக்காரனை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

அப்படி ஒரு கைக்குச் சொந்தக்காரனைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன்.

அவன் பாடகன். எங்கள் குழுவில் நான்கு பேர். அவன் பாடினான், நான் லீட் கிட்டார், பேஸ் வாசிக்க அவனுடைய ஆபீஸ் நண்பன் ஒருவன், ட்ரம்ஸுக்கு ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு அண்ணன். அந்த அண்ணன் பகலில் லோரி ஓட்டுவார், கை இரண்டும் செம்பனைக் குலை போல இருக்கும், ஆனால் தாளம் மயிரிழை பிசகாது. நான் போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் கிள்ளானில் ஒரு ஜாமிங் ஸ்டூடியோவில் சேர்ந்து வாசித்துப் பழகுவோம். தமிழில் ராக் வாசிக்கிறோம் என்பதே அப்போது பலருக்குச் சிரிப்பாக இருந்தது. லீட் கிட்டார் பெண் என்றால் இன்னும் சிரிப்பு.

அவன் குரல் நன்றாக இருக்கும். அதை மறுக்க மாட்டேன். மேடையில் என் பக்கம் திரும்பி, “வாசி” என்று கண்ணால் சொல்வான். அந்தக் கண்ணை நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். பழகும் இடத்தில் அவனை நீ, வா, போ என்பேன். அவன் அம்மா இருக்கும்போது நீங்க, வாங்க, போங்க. அந்த அம்மாவுக்கு நான் கிட்டாரைத் தொடையில் வைத்திருப்பதே பிடிக்காது. “கல்யாணம் ஆயிருச்சு, இன்னும் எதுக்கும்மா இதெல்லாம்?” என்பார். அவன் சிரித்துக்கொண்டு நிற்பான். ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அதையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் சொந்தமாக ஒரு பாட்டுப் பதிவு செய்தோம். மெட்டு என்னுடையது, வரிகள் அவனுடையவை. சுபாங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் ஸ்டூடியோ. கீழே மீ நூடுல்ஸ் கடை. படியேறும்போதே பூண்டு வாசம் தொண்டையில் உட்காரும். ஒரு ஞாயிறு மதியம் கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் மூன்றையும் ஒன்றாகவே பதிவு செய்தோம். அவன் ஸ்டூடியோக்காரனோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

கடைசிக் கோரஸ் முடிந்தபின் நான் சோலோவைத் தொடங்கினேன். முன்கூட்டியே எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு அடித்தார். எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது. முடித்தபோது விரல் நுனி எரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்று மட்டும் தெரிந்தது.

பதிவானதை எல்லாம் சேர்த்துச் சரிசெய்யும் மிக்ஸிங்குக்கு நான் போகவில்லை. அந்த வாரம் இரண்டு கப்பல் சேர்ந்து வந்துவிட்டது. அவன் தனியாகப் போனான். சி.டி.யைக் கொண்டுவந்து வீட்டு ஹாலில் போட்டான். சோபாவில் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்.

கோரஸ் முடிந்தது. என் கிட்டார் வந்தது. மூச்சு விடுவதற்குள் இறங்க ஆரம்பித்தது. பதினொரு விநாடி. பிறகு ஹாலில் ஃபேன் ஓடும் சத்தம்தான் இருந்தது.

“மிச்சம் எங்க?” என்றேன்.

“என்னா மிச்சம்?”

“என் சோலோ.”

“ஃபேட் பண்ணிட்டேன். ரேடியோல நாலு நிமிஷத்துக்கு மேல போட மாட்டான் லா. உனக்குத் தெரியாதா?”

“அப்ப ரெண்டாவது கோரஸுக்கு அப்புறம் நீ ‘ஹோ ஹோ’ன்னு கத்துறியே, அது எதுக்கு? அத எடுத்திருந்தா என் சோலோவுக்கு இன்னும் இருபது விநாடி கிடைச்சிருக்கும்.”

“அது பாட்டோட ஃபீல்.”

“என்னோடது?”

அவன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா, “நல்லாத்தான்பா பாடியிருக்கே” என்றார். நான் எழுந்து அறைக்குப் போய்விட்டேன்.

பாட்டு ரேடியோவில் வந்தது. ஓரளவு பேரும் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பதினொரு விநாடியின் மேல் அறிவிப்பாளர் ஏறி நின்று வாழ்த்து வாசித்தார். நான் காரில் இருந்தால் ஸ்டியரிங்கை அடிப்பேன். நாள் முழுக்க எரிச்சல் தாளாது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று என் சொந்த அக்காவே கேட்டாள். சின்ன விஷயம்தான். ஆனால் அதைச் செய்தவன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சில மாதம் கழித்து கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில் வாசித்தோம். அவன் ஆபீஸ் ஆட்கள், பெரிய மேனேஜர் எல்லாரும் முன் மேசையில் இருந்தார்கள். எங்கள் பாட்டு கிட்டாரில்தான் தொடங்கும். நான் சுருதியை ஒரு கட்டை ஏற்றித் தொடங்கினேன். பேஸ்காரன் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு வழியில்லாமல் என்னோடு ஏறினான். முதல் வரியிலேயே என் புருஷனுக்குப் புரிந்துவிட்டது. நிறுத்தவும் முடியாது, இறங்கவும் முடியாது. கோரஸின் உச்சியில் குரல் உடைந்தது. சேவல் கூவுவதைப் போல ஒரு சத்தம். முன் மேசையில் யாரோ சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம்.

காரில் ஏறியதும் கேட்டான்.

“வேணும்னே பண்ணியா?”

“ஆமா.”

“என் பாஸ் முன்னுக்கு.”

“நீ உங்கம்மா முன்னுக்குப் பண்ணே.”

அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். விவாகரத்துக்குக் காரணம் கிட்டார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேறு ஆயிரம் இருந்தன. ஆனால் அந்த வீட்டை விட்டு வரும்போது நான் கையில் எடுத்துவந்தது கிட்டாரை மட்டும்தான். குழு அதற்கு முன்பே கலைந்துபோயிருந்தது.

பல வருடங்கள் ஓடிவிட்டன. நான் இப்போது கிள்ளானில் ஓர் அப்பார்ட்மென்ட்டில் தனியாக இருக்கிறேன். அதே சரக்கு ஆபீஸ், கொஞ்சம் பெரிய நாற்காலி. கோபம் ஆறிப்போயிருந்தது என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் ஒரு நாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், ரேடியோவில் அவன் குரல் கேட்டது. பழைய மலேசியத் தமிழ் ராக் பற்றிப் பேட்டி. எங்கள் பாட்டைப் போட்டார்கள். வழக்கம் போல அந்த இடம் வந்தது. வழக்கம் போல அறிவிப்பாளர் பேசத் தொடங்கினார்.

“கடைசியில ஒரு கிட்டார் வருதே சார், அது யாரு?”

“அதுவா? அப்ப நம்மகூட ஒரு பொண்ணு வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க” என்றான் அவன்.

ஒரு பொண்ணு. மெட்டுப் போட்டவள். ஐந்து வருடம் அவன் சட்டையை இஸ்திரி போட்டவள். நான் காரை ஓரம் கட்டினேன். ஆபீஸுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டு, ட்ரம்ஸ் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அண்ணன் இப்போது லோரி ஓட்டுவதில்லை. முதுகு போய்விட்டது. ஜெஞ்சாரோம் போகும் வழியில் லோரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். காரை நேராக அங்கே விட்டேன். போன வேகத்தில் அவரிடம் கேட்டேன்.

“அண்ணே, அன்னிக்கு ரெக்கார்ட் பண்ணோமே, முழுசா, அது யார்கிட்டயாவது இருக்குமா?”

“என்கிட்ட இருக்கும்மா.”

“என்னது?”

“அன்னிக்கே ஸ்டூடியோக்காரன்கிட்ட கேட்டு ஒரு சி.டி.ல போட்டு வாங்கிக்கிட்டேன். லோரியில அதத்தான் போட்டுக் கேப்பேன். ஜொகூர் போற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடும்.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. “இத்தன வருஷமா வச்சிருக்கீங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“நீங்க ரெண்டு பேரும் கீரியும் பாம்புமா இருந்தீங்க. நடுவுல பூந்து நான் எதுக்கு வம்ப வாங்கணும்?”

“என் கையில வாசிச்சது அண்ணே. எனக்கு இல்லாம உங்க லோரிக்கா?”

“திட்டுறதுன்னா திட்டிக்க. முதல்ல கேளு” என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த பழைய பிளேயரில் அதைப் போட்டார்.

எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்: ஒருவேளை நீ தப்பாக வாசித்திருப்பாய், உன் மானத்தைக் காப்பாற்றத்தான் அவன் குறைத்திருப்பான். சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆகவே விநாடிகளை எண்ணிக்கொண்டுதான் கேட்டேன். பதினொரு விநாடி தாண்டியது. இருபது தாண்டியது. ஓர் இடத்தில் விரல் வழுக்கி ஒரு தப்பான சுரம் விழுந்தது. வாசித்தவள் அதை மறைக்காமல் அதையே திரும்ப வாசித்து, அங்கிருந்து ஒரு புது வழி பிடித்துப் போனாள். அண்ணனின் ட்ரம்ஸ் பின்னாலேயே ஓடியது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. நன்றாக இருந்தது. சந்தேகமே இல்லாமல் நன்றாக இருந்தது.

வாத்தியங்கள் நின்றபின் சி.டி. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. “அம்மாடியோவ்!” என்று அண்ணனின் இளவயதுக் குரல். பிறகு அமைதி. நான்கைந்து விநாடி இருக்கும். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் அவன் குரல்: “ம். லென்த்தா போச்சு.”

அண்ணன் பிளேயரை நிறுத்தினார். நான் கேட்க விரும்பியது அந்தப் பேச்சை அல்ல, அதற்கு முந்திய அமைதியை. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் அதே அமைதி. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று தெரிந்துதான் குறைத்திருக்கிறான். இதை நான் நிரூபிக்க முடியாது. அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு நிரூபணம் தேவையில்லை.

இரண்டு மாதம் கழித்து அவனே அண்ணன் மூலம் சொல்லி அனுப்பினான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு சாயங்காலம், பழைய குழுக்கள் எல்லாம் சேர்ந்து வாசிக்கிறார்களாம். நம் பாட்டு ஒன்று மட்டும். வருவாளா என்று கேட்கச் சொன்னானாம். வருகிறேன் என்றேன். அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பழகுவதற்கு கிள்ளானில் ஒரு ஜாமிங் ஸ்டூடியோவில் கூடினோம். அவனுக்குத் தலை நரைத்து, வயிறு போட்டிருந்தது. என்னைப் பார்த்து, “எப்பிடி இருக்கீங்க?” என்றான். இந்த ‘ங்க’ புதிது. நான், “இருக்கேன்” என்றேன்.

“முடிவ மட்டும் மாத்திக்கலாம்” என்று அவன் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான். “மேடையில ஃபேட் பண்ண முடியாது. கோரஸ் ரெண்டு தடவ, மூனாவது தடவ என் கைய பாருங்க. டக்குனு கட். ஓகேவா?”

“கடைசி சோலோ?” என்று கேட்டது அண்ணன். நான் கேட்கவில்லை.

“ரெக்கார்ட்லயே பத்து விநாடிதானே வரும்? ஜனங்களுக்கு ஞாபகம்கூட இருக்காது.”

“சரி” என்றேன். இவ்வளவு சுலபமாக நான் சரி சொன்னதே அவனுக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் என்னை அவன் படிக்கவில்லை.

மண்டபத்தில் நானூறு பேருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பின்வரிசையில் சாப்பிட பீஹூன் சேமியா, கறிபாப் பலகாரம் எல்லாம் மூடி வைத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. அவன் நன்றாகவே பாடினான். கோரஸில் ஜனங்களும் சேர்ந்து பாடினார்கள். மூன்றாம் தடவை அவன் கையை உயர்த்தி, முஷ்டியை மூடினான். பேஸ்காரன் நின்றான். நான் நிற்கவில்லை. அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அவரும் நிற்கவில்லை.

அவன் முதலில் சிரித்தான். ஏதோ சின்ன வால் வாசித்து முடிக்கப்போகிறேன் என்று நினைத்திருப்பான். நான் முடிக்காததைப் பார்த்து, மைக்கில், “ஓகே, ஓகே, நன்றி, எல்லாருக்கும் நன்றி!” என்றான். நான் முன்னால் நகர்ந்து வாசித்தேன். அவன் சவுண்ட் மேசையில் இருந்த மலாய்க்காரரைப் பார்த்துக் கையைக் கீழே கீழே என்று காட்டினான். அந்த மனிதர் என் பக்கத்தைக் குறைத்துவிட்டார். பெரிய ஸ்பீக்கர்களில் என் கிட்டார் போய்விட்டது. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் கிட்டாருக்கென்றே தனி ஸ்பீக்கர், ஆம்ப், இருந்தது. அதன் குமிழைக் கடைசிவரை திருகினேன்.

அப்போதுதான் அவன் அதைச் செய்தான். நேராக வந்து, ஆம்பிலிருந்து என் கேபிளைப் பிடுங்கினான். ‘டப்’ என்று ஒரு சத்தம். மண்டபமே அதிர்ந்தது. அண்ணன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், “யோவ், வாசிக்க விடுயா!” என்று கத்தியது.

நான் அவன் கையிலிருந்து கேபிளைப் பிடுங்கப் பார்த்தேன். அவன் விடவில்லை. நானூறு பேர் முன்னால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றோம்.

“என்னா ட்ராமா இது? எல்லாரும் பாக்குறாங்க” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

“பாக்கட்டும். விடு.”

“பைத்தியமா நீ?”

“ஒரு பொண்ணு வாசிச்சாங்கன்னு சொன்னேல்ல? அந்தப் பொண்ணு இன்னும் வாசிச்சு முடிக்கல. விடு.”

விட்டான். மேடையை விட்டு இறங்கிப் போனான். நான் கேபிளைச் செருகிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

முதல் ஒரு நிமிடம் சொர்க்கம். கோபம் முழுவதும் விரலில் இறங்கியிருந்தது. கூட்டத்தில் கொஞ்சம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். கொஞ்சம் பேர் பீஹூன் பக்கம் போனார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் பிறகு ஒரு விஷயம் உறைத்தது. எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சோலோ வாசிக்கக் கற்றுக்கொண்டது எல்லாம் மங்கிப்போகிற பாட்டுகளிலிருந்து. அந்தப் பாட்டுகளில் யாரும் முடிப்பதில்லை. முடிக்கும் பொறுப்பு வாசிப்பவனுக்குக் கிடையாது. யாரோ ஒரு கை அதைப் பார்த்துக்கொள்ளும். இங்கே அந்தக் கையை நான் விரட்டிவிட்டேன். அண்ணன் என் முகத்தையே பார்க்கிறார், நான் தலையசைத்தால் நிறுத்துவதற்கு. நான் மறுபடி ஒரு சுற்றுப் போனேன். இன்னொரு சுற்று. சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாகிவிட்டது, சொன்னதையே சொல்கிறேன். கடைசியில் ஒரு கார்டை அடித்து, தலையை ஆட்டி, நின்றேன். அண்ணன் அரைத்தாளம் தள்ளி நின்றார். சப்பென்று போயிற்று. கைதட்டல் வந்தது. அது எந்த வகைக் கைதட்டல் என்று மேடையில் பல வருடம் நின்றவளுக்குத் தெரியும்.

வெளியே கார் நிறுத்தியிருந்த இடத்தில் அவன் காத்துக்கொண்டிருந்தான். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

“இப்ப சந்தோஷமா?”

“இன்னும் இல்ல.”

“கட்டிக்கிட்ட நாள்லேருந்து இதேதான். உனக்கு எதுலயும் போதும்னு சொல்லத் தெரியாது.”

“நீ என் சோலோவ ஏன் குறைச்சே? ரேடியோன்னு சொல்லாத. நான் முழுசும் கேட்டுட்டேன். உன் குரலையும் கேட்டேன்.”

அவன் கார்ச் சாவியைக் கையில் உருட்டினான். மறுப்பான், அல்லது மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“அது நல்லா இருந்துச்சு” என்றான். “நான் பாடுனது அதுக்குப் பக்கத்துல ஒன்னுமே இல்லாம போச்சு. அதான் குறைச்சேன். போதுமா?”

இத்தனை வருடம் நான் கேட்க நினைத்தது இதுதான். கேட்டதும் கோபம் தீரும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. இவ்வளவு தெரிந்தும் செய்திருக்கிறான் என்று இன்னும் பற்றி எரிந்தது.

காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினான். “ஆனா இன்னிக்கு நீ வாசிச்சது லென்த்தா போச்சு. முடிக்கத் தெரியல உனக்கு.”

போய்விட்டான். அவன் சொன்ன இரண்டும் உண்மை. எதிரியிடமிருந்து வரும்போது உண்மை எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அங்கேயே நின்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு தட்டில் கறிபாப் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். அவரே இரண்டையும் தின்றார்.

அடுத்த வாரம் அந்த நிகழ்ச்சியின் வீடியோவை யாரோ போன் அரட்டைக் குழுக்களில் போட்டிருந்தார்கள். அவன் கேபிளைப் பிடுங்கும் இடம்தான் எல்லாருக்கும் பிடித்திருந்தது. சிரிக்கும் முகங்கள் வரிசை வரிசையாக. என் ஆபீஸிலும் பார்த்துவிட்டார்கள். அவனுக்கும் நிறையத் திட்டு விழுந்தது. ‘அந்த அக்காவ வாசிக்க விட்டிருக்கலாம்ல’ என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அதை நான் மூன்று தடவை படித்தேன். வெட்கமாக இருந்தாலும் மூன்று தடவை படித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, சனிக்கிழம சாயங்காலம் ஜாமிங்குக்கு வருவீங்களா? நாம ரெண்டு பேர் மட்டும்.”

“முதுகு வலிக்குதும்மா. எந்தப் பாட்டு?”

“பாட்டெல்லாம் வேணாம். முடிவு மட்டும் பழகணும்.”

“யாருக்குக் காட்ட?”

“அவனுக்குத்தான். வேற யாருக்கு?”

“ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்” என்றார்.

இதுவரை ஏழு சனிக்கிழமை பழகியிருக்கிறோம். இரண்டு விதமாக முடித்துப் பார்த்தோம். ஒன்று அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. மற்றொன்று எனக்குப் பிடிக்கவில்லை.